லேப் பார்ட்னர்

"கையை எடு. நான் பார்த்துக்கறேன்."

இவள் எடுப்பதற்குள் பார்ட்னரின் விரல்கள் ப்யூரெட்டின் திருகில் வந்து உட்கார்ந்துவிட்டன. மேலே நீளக் கண்ணாடிக் குழாயில் காரம், கீழே குடுவையில் அமிலம். இன்னும் ஒரே ஒரு சொட்டு இறங்கினால் போதும், குடுவை வெளிறிய ரோஸ் நிறத்துக்கு வந்து நின்றிருக்கும். அதுவரை கொண்டுவர இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்ட பாடு இவளுக்குத்தான் தெரியும்.

பார்ட்னர் திருகினாள். சொட்டு விழவேண்டிய இடத்தில் சரசரவென்று ஒரு தாரையே இறங்கியது. குடுவை பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது.

"நீ சரியா ஆட்டியிருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றாள் பார்ட்னர்.

இவளுக்கு வேதியியல் ஆசைக்குப் படிக்கிற பாடம் இல்லை. மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை; மருந்தாளுநர் படிப்புக்குப் போகவேண்டும் என்றால் மாலைக் கல்லூரியின் இந்த முதல் பாடத்தைத் தாண்டியாக வேண்டும். பள்ளிக்கூடத்தோடு உறவு அறுந்து வருஷங்கள் ஆகிவிட்டன. 'மோல்' என்று சார் ஆரம்பித்தாலே தலைக்குமேல் வெள்ளம் போனது. போதாக்குறைக்கு இந்தப் பார்ட்னர்.

எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். இவள் எழுதுவதை எட்டிப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்பாள். சார் கேள்வி கேட்டால் இவள் வாயைத் திறப்பதற்குள் பார்ட்னரின் பதில் பறந்துவிடும், பாதி நாள் தப்பாக. ப்யூரெட்டில் அளவு பார்க்கும்போது கண்ணை நேர்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று இவள் ஒரு நாள் சொல்லப்போக, அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்த சார் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றாவது தடவையும் போச்சா என்றார். முதல் தடவை கெடுத்தது இவள்தான். அதை ஒப்புக்கொள்ள வாயெடுத்தாள். பார்ட்னர் முந்திக்கொண்டாள்.

"இவ எப்பவுமே இப்படித்தான் சார். எதுலயும் அவசரம்."

வகுப்பு தொடங்கியே மூன்று வாரம்தான் ஆகிறது. எப்பவுமே என்றால் எப்போதிலிருந்து என்று சார் கேட்கவில்லை. நிதானம் வேண்டும் என்று இவளுக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு நகர்ந்தார். அடுத்த மேசைக்காரர்கள் குனிந்து சிரித்தார்கள்.

இவள் பொறுக்கமாட்டாமல் சாரின் பின்னாலேயே போனாள். பார்ட்னரை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டாள். முதல் நாள் யாரோடு உட்கார்ந்தீர்களோ அவர்களோடுதான் பருவம் முடிகிறவரைக்கும் என்று அவர் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அப்படியானால் தனியாகச் செய்யட்டுமா என்றாள். அமிலம் இருக்கிற இடத்தில் தனியாக யாரையும் நிற்கவிடுவதில்லை என்றார். கல்லில் நார் உரித்த கதைதான்.

நடைக்கூடத்துக்கு வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். நாள் முழுக்கக் கடையில் கால் கடுக்க நின்றுவிட்டு இங்கே வந்து அவமானப்பட வேண்டியிருக்கிறது என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். வழக்கம்போல அவன் 'ம்' கொட்டினான்.

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா? ஒரு நாள் வந்து பாருங்க, தெரியும்."

"எனக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறுத்துக்கோ. அவசரப்படாதே."

அவசரம் என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை அணைத்தாள். கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம், யாருடைய ஏச்சும் இல்லை என்று தோன்றியது. தோன்றின கையோடு முடிவும் பண்ணிவிட்டாள்.

உள்ளே போனபோது பார்ட்னர் குடுவையைக் கழுவி, புதிதாக அமிலம் அளந்து வைத்திருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி, ப்யூரெட்டின் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து அளவைப் படித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நீயே திருகு என்றாள்.

இவள் அதைக் காதில் வாங்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"இன்னையோட நான் நின்னுக்கறேன்."

குத்தலாக ஏதாவது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. பார்ட்னர், அமிலம் அளக்கிற பிப்பெட்டை, கழுவி வைத்திருந்ததையே எடுத்து மறுபடி கழுவினாள்.

சார் நிற்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஈரக் கையாலேயே இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நீ நின்னுட்டா, உன் மாமனார் என்னையும் வீட்டோட நிறுத்திடுவாரும்மா."