புத்தகத்தில் போட்டிருக்கு

"உருட்டியே இறக்கிருவோம் பாப்பா. வேற வழியில்லை" என்றான் டிரைவர் காசிமாயன்.

ஞானசெல்வி சாலையின் ஓரத்தைப் பார்த்தாள். அதற்கு அப்பால் மூடுபனி மட்டும்தான் இருந்தது. போடிமெட்டிலிருந்து ஆறு வளைவு இறங்கியிருந்தார்கள். இன்னும் பதினோரு வளைவு இருந்தது.

காருக்குள் அவளுடைய மதினி ஒச்சம்மாள் படுத்திருந்தாள். பின்சீட்டை மடக்கினால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அப்படியொரு நீளமான வெளிநாட்டு டீசல் கார் அது. ஏலக்காய்த் தோட்டத்து முதலாளி சௌந்தரபாண்டியன், டெல்லியில் தூதரகக் கார்களை விற்றபோது போய் வாங்கி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. காலையில் அவர் ஜீப்பில் போடிக்குப் போய்விட்டார். அவரைக் கேட்காமல் எடுத்து வந்த வண்டி.

பிள்ளை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. மத்தியானம் திடீரென்று ரத்தம் போகத் தொடங்கியது. தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் சோலையம்மாள், இது தன் கைக்கு அடங்காது, போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாள். இப்போது அவள்தான் பின்னால் உட்கார்ந்து ஒச்சம்மாளின் கால்களை உயர்த்திப் பிடித்திருந்தாள். விரித்திருந்த சேலையை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

வழியில் டீசல் தீர்ந்துபோனது. காசிமாயன் பதினைந்து வருஷம் பெட்ரோல் கார் ஓட்டியவன். தீர்ந்தால் ஊற்ற வேண்டும், ஊற்றினால் ஓடும், அவ்வளவுதான் அவனுக்கு. பின்னால் கிடந்த கேனிலிருந்து ஊற்றினான். இன்ஜின் சுற்றியதே தவிர, பற்றவில்லை. இறக்கத்தில் உருட்டி, கியர் போட்டுப் பார்த்தான். அப்போதும் பற்றவில்லை. பிரேக் பெடல் மிதிக்க முடியாமல் கல்லைப் போல இறுகிக்கொண்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் உரசித்தான் நிறுத்த முடிந்தது.

இன்ஜின் ஓடாவிட்டால் இந்த பிரேக் சரியாகப் பிடிக்காது என்று ஞானசெல்வி மெல்லச் சொன்னாள். அவள் பி.எஸ்சி. பௌதிகம் முடித்துவிட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். அவன் காதில் வாங்காமல் பானட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக்கைத் தேடினான். டீசல் இன்ஜினில் அது கிடையாது என்றாள்.

"பாடம் நடத்துறது வேற, வண்டி வேற. போயி மதினியைப் பிடி ஆத்தா. உருட்டப் போறேன்."

அவன் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தான்.

ஞானசெல்வி மறுபக்கக் கதவைத் திறந்து, டேஷ்போர்டு பெட்டியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தாள். அட்டையில் அதே காரின் படம். காசிமாயன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

"அதுல இருக்கா?" குரல் இறங்கியிருந்தது.

அவள் பக்கங்களைப் புரட்டி, இன்ஜின் படத்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

"உருட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு."

அவன் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"டீசல் தீர்ந்தா குழாய்க்குள்ள காத்து புகுந்துருமாம். பம்பு அந்தக் காத்தையே அமுக்கிக்கிட்டு இருக்கும். டீசல் நகராது. மொதல்ல காத்தை வெளியேத்தணும்."

"எங்கன?"

அவள் படத்தையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தாள். டீசல் டேங்கிலிருந்து வந்த குழாய் ஃபில்டரில் போய்ச் சேர்ந்தது. அதன் தலையில் ஒரு திருகாணி இருந்தது. அதை இளக்கச் சொன்னாள்.

காசிமாயன் ஸ்பேனரை வைத்துக்கொண்டு தயங்கினான். இது உடைந்தால் முதலாளி தோலை உரித்துவிடுவார் என்றான். முன்பு ஒரு காரில் இப்படித்தான் ஒரு நட்டைத் தொட்டு என்று ஆரம்பித்தான்.

"இந்த வேலை செய்யும்போது பேசக் கூடாதுன்னு போட்டிருக்குண்ணே."

வாயை மூடிக்கொண்டு காதில் செருகியிருந்த பீடியை எடுத்தான். அதையும் கூடாதென்று போட்டிருப்பதாக அவள் சொன்னாள்.

"வெள்ளைக்காரன் ஒண்ணையும் விடலையே" என்று முணுமுணுத்து, பீடியைத் திரும்பச் செருகிக்கொண்டான்.

திருகாணியை இளக்கிவிட்டு, ஃபில்டரின் மேல் அவள் காட்டிய சிறிய கைப்பம்பை அடித்தான். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது.

"வெரசாப் பாருங்க. இவ கண்ணு சொருகுது" என்றாள் சோலையம்மாள்.

நுரை நின்றதும் ஞானசெல்வி திருகாணியை இறுக்கச் சொன்னாள். அவன் இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினான். பற்றவில்லை.

"அடுத்து என்ன போட்டிருக்கு?"

அவள் வெகுநேரம் பக்கத்தையே பார்த்தாள். பனி இறங்கித் தாள் ஈரமானது.

"இன்ஜினுக்குள்ள போற குழாய்லயும் காத்து நிக்கும். நாலு நட்டையும் இளக்கிட்டுச் சாவியைத் திருப்பணும்."

இளக்கினான். இன்ஜின் சுற்றச் சுற்ற நான்கு குழாயிலும் டீசல் துளிர்த்தது. நட்டுகளை இறுக்கினான். பேட்டரி இன்னும் ஒரு தடவைதான் தாங்கும் என்றான். சாவியைப் பாதி திருப்பிவைத்து, இன்ஜினுக்குச் சூடேறி டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்தார்கள். ஒச்சம்மாளின் மூச்சு மட்டும் கேட்டது.

விளக்கு அணைந்தது. அவன் சாவியைத் திருப்பினான். ஒரு முட்டல், இன்னொரு முட்டல், கரும்புகை. வண்டி உயிர்பெற்றது.

இருட்டுவதற்குள் போடி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று டாக்டர் சொன்னார்.

சேதி கேட்டு முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். காசிமாயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். கேட்காமல் எடுத்தது, மண்மேட்டில் உரசியது, இன்ஜினில் கைவைத்தது.

"புத்தகத்துல போட்டபடிதான் செஞ்சேன் மொதலாளி. டீச்சரம்மா ஒரு வரி விடாம வாசிச்சுச்சு."

சௌந்தரபாண்டியன் அவளை வியப்போடு பார்த்தார். "அது ஜெர்மன் பாஷையில்ல? ஒரு எழுத்துப் புரியலைன்னுதான் இங்கிலீசு புத்தகம் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். நீ ஜெர்மன் எங்கம்மா படிச்சே?"

"படிக்கலைங்கய்யா." ஞானசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சொன்னா அண்ணன் ஸ்பேனரை எடுத்திருக்க மாட்டாரு."