நொற் அலவ்ட்

கனடாவுக்கு வந்த புதிதில், வேலைசெய்த பிறம்ரன் நகர வெயர்ஹவுஸில் ஓவர்ரைம் செய்யச் சொன்னால் கிருபனுக்கு மறுக்கத் தெரியாது. மனைவி துர்க்கா பொறுமையிழந்து ஒரு வசனத்தைப் பாடமாக்கிக் கொடுத்தாள்.

"என்ன கேட்டாலும் 'சொறி, ஐ ஆம் நொற் அலவ்ட்' எண்டு சொல்லுங்கோ. எனக்கு அனுமதியில்லை எண்டு அர்த்தம்."

மறுநாளே மனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். அங்கிருந்த புது வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டார். கிருபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்த வசனத்தையே சொன்னான். வெள்ளைக்காரர் எழுந்து கைகுலுக்கினார்.

ஓவர்ரைமைத் தட்டிவிட்ட நிம்மதியில் வேலைக்குத் திரும்பியவனை, சற்று நேரத்தில் மனேஜரிடம் பேசிவிட்டு வந்த சக தொழிலாளி வாகீசன் கட்டிப்பிடித்தான்.

"அவர் பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவரடா! உள்ளுக்கை சிகரட் பத்துவியோ, லைசென்ஸ் இல்லாமல் போர்க்லிஃப்ற் ஓடுவியோ எண்டுதான் எல்லாரையும் கேட்டவர். முழுக்கச் சரியாச் சொன்னது நீ மட்டும்தானாம். இனி பாதுகாப்புப் பொறுப்பு உனக்குத்தான்."

"உண்மையாவோ?"

"ஓம். ஆனா சனி, ஞாயிறும் வரவேணுமாம்."