அஜ்மீரின் நன்னடத்தை

பக்கத்து வீட்டு அஜ்மீரைப் பற்றி விசாரிக்க, ஜெகபர் சாதிக்கின் வீட்டுக்கு வந்திருந்தார் ஏட்டு சந்தனசாமி.

அந்தத் தெருவுக்குப் போலீஸ் வருவதே பாஸ்போர்ட்டுக்குத்தான். துபாயோ சவூதியோ, அவன் தொலைந்தால் போதும் என்றிருந்தது சாதிக்குக்கு.

"தங்கமான புள்ளைங்க."

"அவர் பைக் சத்தத்துல தூங்க முடியலன்னு போன வாரம் நீங்கதானே பாய் ஸ்டேஷனுக்கு வந்தீங்க?"

"அது சின்ன விஷயங்க. பெரியவங்கன்னா அவ்வளவு மரியாதை. எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

போட்டும் கொடுத்தார்.

"எப்பங்க கிளம்புறான்?"

"எங்கயும் போகலையே பாய். நம்ம ஸ்டேஷன்லயே ஊர்க்காவல் படையில சேர்றார். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கியா இருந்துச்சு."

ஏட்டு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இனிமே உங்க தெரு ரோந்து அவர்தான். சத்தம் ஏதும் இருந்தா அவர்கிட்டயே சொல்லிடுங்க."