உதவிக்கு வந்த அண்ணை

பரராசசிங்கம் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு பை தோடம்பழத்தோடு கஜந்தியின் வீட்டுக்கு வந்திருந்தார். நகரசபையிலிருந்து வீடு பார்க்க வரும் அதிகாரியிடம் அவளுக்காக ஜெர்மன் பேச ஓர் ஆள் வேண்டுமே. இந்தக் காலத்தில் யார் இப்படி உதவுவார்கள்?

கஜந்தி யாழ்ப்பாணத்திலிருந்து கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து எட்டு மாதம்தான். கணவன் நிஷாந்தனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. தோடம்பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல அவள் மேசைக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தாள். அறைக்குள் கைக்குழந்தை இருமியது.

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி,” என்றார் பரராசசிங்கம். “உங்கட மனிசன் வீட்டைப் பற்றி நகரசபைக்கு எழுதிப் போட்டது எனக்குத் தெரியும். நான் கோவிக்கேல்லை. ஆனா வீடு சரியில்லை எண்டு அவை முடிவெடுத்தா, பூட்டி சீல் வைச்சுப் போடுவினம். இந்தக் குளிருக்கை பச்சைப் பிள்ளையோட எங்கை போவியள்?”

அவருக்குத் தெரியாதா என்ன? வீடு அவருடையது.

மூன்று கிழமையாக அந்த வீட்டில் அறையைச் சூடாக்கும் ஹைட்சுங் வேலை செய்யவில்லை. குழந்தைக்கு மூன்று சட்டை, இரண்டு தொப்பி போட்டும் போதவில்லை. அன்று விடிய ஆறு மணிக்குத்தான் பரராசசிங்கம் நிலவறைக்குள் இறங்கி எதையோ திருகிவிட்டுப் போனார். ஏழு மணிக்கு வீடு கதகதவென்று ஆகிவிட்டது. அதிகாரி போனதும் மனிதர் திரும்பவும் நிலவறைக்குள் இறங்குவார் என்பதில் கஜந்திக்குச் சந்தேகமே இல்லை.

பத்து மணிக்கு வந்த அதிகாரி சிவப்புத் தாடி வைத்த நெட்டையான ஜெர்மன்காரர். வீட்டுக்காரரும் நான்தான், மொழிபெயர்ப்பதும் நான்தான் என்று பரராசசிங்கம் ஜெர்மனில் சொல்லிச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஹைட்சுங்கில் கையை வைத்துப் பார்த்தார். சூட்டை அளக்கும் கருவியை மேசையில் வைத்தார். அது இருபத்திரண்டு என்று காட்டியது.

கஜந்தி கருவியை எட்டிப் பார்த்தாள். இவ்வளவு சூட்டில் நின்றுகொண்டு குளிர்கிறது என்றால் யார் நம்புவார்கள்? வந்தவருக்கு முதலில் தேத்தண்ணி கொடுப்போம் என்று குசினிக்குள் போனாள்.

“சீனி போடவோ?” என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

அதிகாரி வேண்டாமென்று கையாட்டினார். பரராசசிங்கத்துக்கு மூன்று கரண்டி வேண்டுமாம். டொக்டர் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறாராம், ஆனாலும் மூன்றுதானாம்.

அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்ததும், ஹைட்சுங் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அதிகாரி ஜெர்மனில் கேட்டார்.

“வீடு வசதியோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லுங்கோ, போதும்,” என்றார் பரராசசிங்கம்.

அறைக்குள் குழந்தை மறுபடி இருமியது. சீல் வைத்த கதவை நினைத்தாலும் பயமாக இருந்தது, இந்த இருமலைக் கேட்டாலும் பயமாக இருந்தது. கஜந்தி ஒரு முடிவோடு நிமிர்ந்தாள்.

“உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணை. மூண்டு கிழமையா ஹைட்சுங் இல்லை. இண்டைக்கு விடியத்தான் நீங்கள் போட்டுவிட்டனீங்கள். பிள்ளை இரவிரவா இருமுது.”

பரராசசிங்கம் உருக்கமாகத் தலையாட்டிவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினார். வீடு எப்போதும் நல்ல சூடு. தாய் யன்னலைத் திறந்து வைப்பதால்தான் பிள்ளைக்குச் சளி. தான் எத்தனை தரம் சொல்லியும் கேட்பதில்லை. ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடாக வந்தது அவருக்கு. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

கஜந்திக்கு வகுப்பில் படித்த ‘பென்ஸ்டர்’ என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. யன்னலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லையே.

“கால்ட்,” என்றாள் அதிகாரியைப் பார்த்து. குளிர் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் அதுதான். “கால்ட், கால்ட்.”

பரராசசிங்கம் பெருமூச்சு விட்டார். வெயில் நாட்டிலிருந்து வந்த பிள்ளை, கோடையிலும் இதையேதான் சொல்லும் என்று விளக்கம் கொடுத்தார். அதையும் எழுதிக்கொண்டார் அதிகாரி. அந்த மனிதருக்கு எழுதுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது போலிருந்தது.

“நான் சொன்னதை நீங்கள் சொல்லேல்லை அண்ணை,” என்றாள் கஜந்தி.

“எல்லாம் சொல்லியாச்சு.” பரராசசிங்கம் முகத்தில் சிரிப்பு மாறாமல், சத்தத்தை மட்டும் குறைத்தார். “அவர் வீட்டைப் பூட்டத்தான் நிக்கிறார். நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன். இனி வாயைத் திறந்தியளோ, பிள்ளையோட நடுறோட்டுத்தான்.”

கஜந்தி உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள். அழக்கூடாது என்று நினைத்தும் கண்ணீர் வந்துவிட்டது. இரவு திரும்பக் குளிரத் தொடங்கினால் பிள்ளையை எதால் சுற்றுவது என்பதுதான் அவள் மனதில் ஓடியது.

அதிகாரி தேத்தண்ணியைக் குடித்து முடித்து, பேனையை வைத்தார். வேலை முடிந்ததென்று பரராசசிங்கம் எழும்பிக் கையை நீட்டினார்.

அந்தக் கையை அதிகாரி கவனிக்கவில்லை. எழுதிய தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தார். கதிரையைக் கஜந்தியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மெதுவாகத் தமிழில் சொன்னார்.

“ஒருத்தரும் வீட்டைப் பூட்டமாட்டினம் அக்கா, நீங்கள் சொல்லுங்கோ.”