சமாதான பீரியட்

"என் படத்தைக் கிழிச்சது நீதானே? வாயைத் திறந்து பதில் சொல்லு."

சுருட்டை முடிக்காரி மேஜையைத் தட்டிய தட்டில், அப்போதுதான் வகுப்புக்குள் நுழைந்த கல்வி அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். எதிர் நாற்காலியில் ஒல்லிப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, மூச்சு விடாமல் வேடிக்கை பார்த்தார்கள்.

அதிகாரி கடைசி பெஞ்சில் இருந்த டீச்சரிடம் போய்க் குனிந்தார்.

"இதுக்குப் பேர் சமாதான பீரியடா டீச்சர்? சந்தைக்கடை மாதிரி இருக்கு. இதைக் கணக்குக்குக் கொடுத்துடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க. நானும் அப்படித்தான் எழுதப் போறேன்."

"முடியட்டும் சார். கொஞ்சம் உக்காருங்க."

டீச்சர் யார் யார் காலையோ பிடித்து வாங்கிய பீரியட் அது.

"ஆமா, கிழிச்சேன்," என்றாள் ஒல்லி. "ஏன் கிழிச்சேன்னு கேட்டியா? எங்கம்மா இந்த ஸ்கூல்ல பாத்ரூம் கழுவுறாங்க. நேத்து வாளியோட இந்தப் பக்கம் வந்தாங்க. நீ மூக்கைப் பொத்துனே. மொத்த கிளாஸும் சிரிச்சுது. எங்கம்மா அப்படியே திரும்பிப் போய்..."

அதற்கு மேல் முடியவில்லை. விசும்பத் தொடங்கிவிட்டாள்.

"நான் சும்மா விளையாட்டுக்குத்தான்..." சுருட்டையின் சுருதி இறங்கியது. "போட்டிக்கு வரைஞ்ச படம் அது. அதைப் போய்க் கிழிச்சா எனக்கு எப்படி இருக்கும்?"

சொன்னவள் எழுந்து வந்து ஒல்லியின் தோளில் கைபோட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, கிழிந்த படத்தைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

"பீரியட் இருக்கட்டும் டீச்சர். சரியான திமிர் பிடிச்ச பொண்ணு, அதையே வழிக்குக் கொண்டுவந்துட்டீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அந்தம்மாவைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசணும். அதான், அழுத பொண்ணோட அம்மா."

"அந்தப் பொண்ணோட அம்மா பாங்க் மேனேஜர் சார்."

அதிகாரி திருதிருவென்று விழித்தார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் இடம் மாறிட்டாங்க. இங்க யாரும் தன் கட்சியைப் பேசக் கூடாது. எதிராளியாவே மாறி, அவங்க கட்சியைத்தான் பேசணும்," என்றார் டீச்சர். "மூக்கைப் பொத்தினதே அந்த அழுத பொண்ணுதான்."