அசைந்தால்தான் ஆள்

“அசையறதை மட்டும்தான் சார் என் சென்சார் படம் பிடிக்கும். அசையாதது தெரியவே தெரியாது,” என்றார் அதை வடிவமைத்த அலுவலகப் பொறியாளர்.

“அப்போ சும்மா உட்கார்ந்திருக்கறவன் மாட்டுவான்!” முதலாளி தன் அறை உட்பட அலுவலகம் முழுக்க அந்தச் சென்சார் கேமராவைப் பொருத்தினார்.

மறுநாளிலிருந்து கணக்காளர் ஓயாமல் தலையாட்டினார். மேலாளர் நாற்காலியோடு சுழன்றார். வேலைதான் நடக்கவில்லை; திரை களைகட்டியது.

மாதக் கடைசியில் முதலாளி பொறியாளரை அழைத்து எதிரே உட்கார வைத்தார். “உங்களை வேலையை விட்டுத் தூக்கிட்டேன். மாசம் பூரா ஆபீஸ் பக்கமே வரலையே?”

“ஐயோ சார், இங்கேதான் இருந்தேன்! கன்னத்துல கைவச்சு அடுத்த சென்சாரை யோசிச்சிட்டிருந்தேன்!” பொறியாளர் பதறி எழுந்தார்.

முதலாளி திரையில் அப்போதுதான் தோன்றிய அவர் உருவத்தைக் காட்டினார். “பாருங்க, இப்பதானே உள்ளயே வர்றீங்க!”