எத்தனை வருஷப் பல்?

சின்ன வயதில் அந்தோணிப்பிச்சை பல் டாக்டரின் ஊசிக்குப் பயந்து கட்டிலடியில் ஒளிந்தவர். இப்போது ஊசியே கிடையாது. நாற்காலியில் சாய்ந்தால் போதும், உடம்பு அலைமேல் ஆடும் தோணியாகிவிடும். ஈறில் ஒரு விதையை வைப்பார்கள்; ஒரே வாரத்தில் புதுப்பல் முளைத்துவிடும்.

இருந்தும் எழுபத்தாறு வயதில் அவருக்கு உள்ளூர உதறல். ஆளின் மிச்ச ஆயுளைக் கணித்து, அதற்குத் தகுந்த விதையைத்தான் இயந்திரம் எடுத்துக்கொடுக்கும். போன மாதம் மனைவி ரோசலினுக்கு இருபது வருஷப் பல் வைத்திருந்தார்கள்.

கண் சொருகி மிதந்துகொண்டிருந்தவருக்கு டாக்டரம்மாவின் குரல் எங்கோ கரையிலிருந்து கேட்டது.

"உங்களுக்கு மூணு வருஷப் பல்லு போதும், ஐயா."

வலிக்கவே இல்லை.

வெளியே ரோசலின் காத்திருந்தாள். "எத்தன வருசப் பல்லு வச்சாவ?"

"ஒனக்கு வச்சதுதான்."

அவள் முகம் மலர்ந்தது. ஆசையாக அவர் கையைப் பிடித்தவள் திடுக்கிட்டாள்.

"பொறவு ஏன் கை இப்பிடி நடுங்குது?"

"ஊசி போட்டுருவாவளோன்னு பயந்துட்டேன்" என்றார் அந்தோணிப்பிச்சை.